பால்வெட்டுக்காரருக்கு நடுவலி: ஆபரேஷன்தான் ஒரே வழியா?

2025 ஜனவரி 8, மாலை. குமரி மாவட்டம் குலசேகரத்தில் இருந்து ஒரு தம்பியின் கேள்வி

அப்பாவுக்கு 52 வயசு. திற்பரப்பு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு. மூணு வாரமா நடுவலி, இடுப்புல இருந்து இடது கெண்டைக்கால் வரைக்கும் வலி இறங்குது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல உள்ள மெத்தை) பிதுங்கி நரம்ப அழுத்துதுன்னு எழுதியிருக்கு. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன்னு சொன்னார். ஊர்ல ஒரு வர்ம ஆசான் 41 நாள் படுக்க வச்சு உழிச்சில் (எண்ணெய் தடவல்) போடணும்ங்கார். அம்மா ரெண்டுக்கும் பயப்படுறா. ஆபரேஷன் இல்லாம சரியானவங்க யாராவது இருக்கீங்களா?

ஜனவரி 8, இரவு. பொன்மனைக்காரன்

இருக்கேன் தம்பி. நானும் வெட்டுக்காரன்தான். எனக்கும் அதே எல்4-எல்5, அதே கால். கத்தி வைக்காமலே இன்னைக்கும் வெட்டுக்குப் போறேன். ஆனா அந்தக் கதை பொறவு. முதல்ல அப்பாகிட்ட இதையெல்லாம் இப்பமே கேளு.

மூத்திரம் போறதுல தடங்கல் உண்டா, இல்ல தெரியாம போகுதா? மலம் அடக்க முடியாம போகுதா? சைக்கிள் சீட்டு படுற இடத்துல மரத்துப்போன மாதிரி இருக்கா? ரெண்டு காலும் பலமில்லாம தளருதா? குதிகாலை ஊணி, முன்பாதத்தைத் தூக்கிக்கிட்டு நாலு அடி நடக்கச் சொல்லு. இடது பாதம் தூக்க முடியாம தொங்குதா? காய்ச்சல், காரணமில்லாம மெலிச்சல், ராத்திரி படுத்தாலும் ஓயாத வலி, முன்னால புற்றுநோய் எதுவும் இருந்ததா?

இதுல முதல் மூணுல ஒண்ணு இருந்தாலும், ரெண்டு காலும் தளர்ந்தாலும், இந்த இழையை வாசிச்சுக்கிட்டு இருக்காத. இந்த ராத்திரியே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போ. அதுக்கு ஆபரேஷன்தான் வைத்தியம், நேரம் போனா நரம்பு திரும்பி வராது. பாதம் தொங்கினா நாளைக்கே டாக்டர் பாக்கணும்.

ஜனவரி 9, மதியம்

எல்லாத்துக்கும் "இல்ல", குதிகால்ல நல்லா நடக்கார்னு தம்பி எழுதியிருக்கான். அப்பம் யோசிக்க நேரம் இருக்கு.

ஸ்கேன் தாளை வாசிச்சுப் பயப்படுற வீடு நம்ம ஜில்லாவுல எத்தனையோ. வலியே இல்லாத ஆளுங்கள ஸ்கேன் எடுத்துப் பாத்த ஆய்வுகளையெல்லாம் சேத்து 2015ல ஒரு கணக்கு போட்டாங்க. 50 வயசுல வலியில்லாத நூறு பேர்ல 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 பேருக்கு டிஸ்க் வீக்கம். இருபது வயசுப் பிள்ளைகள்லயே முப்பது பேருக்கு வீக்கம் உண்டு. அதனால தாள்ல இருக்கறதெல்லாம் நோயில்ல. அப்பாவுக்கு வலி இறங்குற பாதையும் தாளும் பொருந்துது, அதனால அந்த டிஸ்க்தான் காரணம்னு எடுத்துக்கலாம். ஆனா காரணம் தெரிஞ்சதும் கத்தின்னு அர்த்தமில்ல. வெளிய பிதுங்கின பகுதியை பலபேருக்கு உடம்பு மெல்ல மெல்ல தானே கரைச்சுடும். பெருசா பிதுங்கினதுதான் அதிகம் கரையுதுங்கறது பலருக்கும் தெரியாத விஷயம்.

நெதர்லாந்துல 2007ல வந்த ஒரு பெரிய ஆய்வு. காலுக்கு இறங்குற கடுமையான வலி உள்ளவங்கள்ல பாதிப்பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப்பேர் பொறுத்துப் பாத்தாங்க. ஆபரேஷன் செய்தவங்களுக்கு வலி சீக்கிரம் விட்டுது, அது உண்மை. ஆனா ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் சரியாயிட்டாங்க. பொறுத்தவங்கள்ல பத்துக்கு நாலு பேர் தாங்க முடியாம நடுவுல ஆபரேஷனுக்குப் போனாங்கங்கறதையும் சொல்லியாகணும். ஆக அது தப்பு வைத்தியம் இல்ல. அப்பா நிலைமையில அவசர வைத்தியம் இல்ல, அவ்வளவுதான்.

ஜனவரி 9, இரவு

படுக்கலாமான்னு நாலு பேர் கேட்டிருக்காங்க. ரொம்ப வலிக்கும்போது ஒருநாள் ரெண்டுநாள் சாய்ஞ்சுக்கலாம். அதுக்கு மேல வேண்டாம். காலுக்கு இறங்குற இதே வலிக்கு ரெண்டு வாரம் படுக்க வச்சுப் பாத்த ஆய்வும் நெதர்லாந்துலதான், 1999ல. 12 வாரம் முடிஞ்சு பாத்தா படுத்தவங்களும் படுக்காதவங்களும் ஒரே மாதிரி, 87 சதவீதம் பேருக்குக் குறைஞ்சிருந்துது. படுத்ததுல லாபம் ஒண்ணுமில்ல. கூலிக்காரனுக்கு ரெண்டு வாரக் கூலி போனதும், தொடையும் முதுகும் சோர்ந்ததும்தான் மிச்சம்.

ஜனவரி 11, காலை

இனி வெட்டுக்காரங்களுக்குன்னே எழுதுறேன். இதை நான் ரொம்ப காலமா மனசுல வச்சிருக்கேன்.

நம்ம வேலை விடியக்காலையில. இருட்டுலயே தலையில லைட்ட மாட்டிட்டு இறங்குறோம். ஏன் அந்த நேரம்? ராத்திரி முழுக்க மரம் தண்ணி இழுத்து விம்மி நிக்கும், வெட்டினதும் பால் பாயும். வெயில் ஏறினா விம்மல் குறையும், பாலும் குறையும். நம்ம முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கும் இந்த மரத்த மாதிரிதான். படுத்திருக்கும்போது தண்ணி இழுத்து வீங்கும், நின்னு நடக்க நடக்க வடியும். ஜெர்மனியில ஒருத்தரோட டிஸ்க்குள்ளயே அழுத்தமானி வச்சு அளந்தாங்க, 1999ல வெளிவந்துது. படுத்த உடனே அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல். ஏழு மணி நேரத் தூக்கம் முடியும்போது 0.24. ரெண்டு மடங்குக்கு மேல.

அப்படி விம்மி நிக்கிற டிஸ்க்கோட, எழும்பின கையோட, நாம என்ன செய்றோம்? குனியறோம். முந்நூறு மரத்துக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு, கத்திய இழுத்து, இடுப்பத் திருப்பி அடுத்த மரத்துக்குப் போறோம். உடம்பு குனியத் தயாரா இல்லாத நேரம் பாத்து அதிகம் குனியற தொழில் இது. நாள்பட்ட நடுவலிக்காரங்கள எழும்பின முதல் ரெண்டு மணி நேரம் குனியாம இருக்கச் சொல்லி அமெரிக்காவுல பாத்தாங்க, 1998ல வந்த ஆய்வு. அதை மட்டும் செய்ததுலயே வலி குறைஞ்சுது.

அடுத்தது பட்டையோட உயரம். ஒட்டுமரத்துல முதல் வெட்டு 125 சென்டிமீட்டர் உயரத்துல தொடங்கும். அப்பம் நடுவுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வருஷம் போகப் போக வெட்டு கீழ இறங்கும். முட்டுக்கு, அதாவது முழங்காலுக்கு, கீழ வந்தாச்சுன்னா குனியாம வழியில்ல. "போன வருஷம் வரைக்கும் ஒண்ணுமில்ல, இந்த வருஷம் திடீர்னு நடு போச்சு"ன்னு சொல்ற வெட்டுக்காரன்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான்: இப்பம் பட்டை எந்த உயரத்துல நிக்குது?

தம்பி, அப்பாகிட்ட அதைக் கேட்டு எழுது.

ஜனவரி 11, இரவு

முட்டுக்குக் கீழதானாம். அதுவும் கீழ் பட்டை உள்ள வரிசையிலதான் முதல்ல தொடங்குவாராம், வீட்டுப் பக்கம் அதுதான்னு. தம்பி, அதை மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஜனவரி 12

நான் செய்ற முறையச் சொல்றேன்.

எழும்பின உடனே தோட்டத்துல இறங்க மாட்டேன். முன்னக்கூட்டியே எழும்பி, முற்றத்துலயும் ரோட்டுலயுமா நடப்பேன். கட்டன்சாயா நின்னுக்கிட்டே. ஷூ மாட்டக் குனிய மாட்டேன், திண்ணையில காலைத் தூக்கி வச்சு மாட்டுவேன். வெட்டு தொடங்குறது உயரப் பட்டை மரத்துல. கீழ் பட்டை மரம் கடைசியில. அதுக்குள்ள நடந்து நடந்து டிஸ்க் வடிஞ்சிருக்கும்.

கீழ் பட்டைக்கு இடுப்பை வளைக்காம ஒரு முழங்கால ஊணி உக்காந்து வெட்டுறேன். பழைய சாக்கை மடிச்சுத் தச்சு முட்டுல கட்டிக்குவேன். முதல் மாசம் நேரம் இழுத்துது, உண்மை. கை பழகினதும் பழைய வேகம் வந்துட்டு. மூணு மரத்துக்கு இடது முட்டு, மூணு மரத்துக்கு வலது முட்டு. இடையில நிமிர்ந்து ரெண்டு கையையும் இடுப்புல ஊணி பின்னால சாய்வேன்.

அப்புறம் வாளி. முன்ன சொன்ன ஜெர்மன் அளவுல 20 கிலோ தூக்கினதும் உண்டு. முதுகை வளைச்சு குனிஞ்சு தூக்கும்போது டிஸ்க்குள்ள அழுத்தம் 2.3 மெகாபாஸ்கல். முழங்கால மடக்கி முதுகு நேரா தூக்கும்போது 1.7. அதே 20 கிலோவை உடம்போட ஒட்டிப் பிடிச்சு நிக்கும்போது 1.1. இருபது லிட்டர் பால் வாளி கிட்டத்தட்ட 20 கிலோதானே. ஒரு நிறை வாளிக்குப் பதிலா ரெண்டு கையிலயும் அரை வாளி. நடை கூடும், நடு பிழைக்கும். ஒட்டுப்பால் (மரத்துல உறைஞ்சு ஒட்டின பால்) சாக்கு நிறையறதுக்கு முன்னாலயே கட்டிருங்க.

ஜனவரி 12, இன்னொண்ணு

கீழ் பட்டைய விட்டுட்டு மேல் பட்டைக்குப் போகலாமான்னு கேட்டவருக்கு: அது தோட்டக்காரர் முடிவு செய்யற காரியம். பட்டை வீணானா மரம் போச்சு. ஆனா வரிசைய மாத்தறதுக்கும், கூட வெட்டுற ஆளோட மரத்தைப் பங்கிட்டுக்கறதுக்கும் யார் அனுமதியும் வேண்டாம்.

ஜனவரி 14

பெல்ட். எல்லாரும் கேக்கற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட நடுவலிக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம் பத்தி வழிகாட்டி வெளியிட்டுது. அதுல வழக்கமா கொடுக்க வேண்டாம்னு சொன்னதுல இடுப்பு பெல்ட்டும், எடை தொங்கவிட்டு இழுக்கிற ட்ராக்ஷனும் உண்டு. செய்யலாம்னு சொன்னது உடற்பயிற்சி, நோயப் பத்தி ஆளுக்கு விளங்க வைக்கறது, மனசுக்கான ஆலோசனை, தடவல் மாதிரி கை வைத்தியம், தேவைப்பட்டா வலி வீக்க மாத்திரை.

நானும் பெல்ட் கட்டியிருக்கேன். கட்டினா ஒரு தைரியம். அவிழ்த்தா முன்னவிட பயம். பஸ்ல தூரம் போக ரெண்டு நாள் கட்டறதுல ஒண்ணும் கெட்டுப்போகாது. அதை நம்பி நிறை வாளி தூக்காத.

ஜனவரி 15

ஆசான்மார் பத்தி எழுதினா சண்டை வரும்னு தெரியும். ஆனாலும் எழுதணும், இது நம்ம மண்ணோட சொத்து. முஞ்சிறையில சித்த மருத்துவக் கல்லூரி, கோட்டாறுல அரசு ஆயுர்வேதக் கல்லூரி, ஊருக்கு ஊர் வர்ம ஆசான். வேற எந்த ஜில்லாவுக்கு இது வாய்ச்சிருக்கு?

எனக்கு வலி வந்தப்பம் ஒரு வயசான ஆசான்கிட்டதான் முதல்ல போனேன். எண்ணெய் சூடாக்கித் தடவினார், நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தார். தசை இறுக்கம் விட்டுது, அன்னைக்கு ராத்திரிதான் தூங்கினேன். அவர் சொன்னது: "எண்ணெய் வலிய ஆத்தும், நடைதான் நடுவ ஆத்தும். நாளைக்கு முதல் தென்னந்தோப்ப சுத்தி நட." படுக்கச் சொல்லவே இல்ல. இன்னொரு இடத்துல எனக்க கூட்டுக்காரனுக்கு கால் மரத்துக் கிடக்கும்போதே இடுப்ப முறுக்கி இழுத்தாங்க. பொறவு அவனால பாதம் தூக்க முடியல.

அதனால தம்பி, தடவலும் ஒத்தடமும் அப்பாவுக்கு இதமா இருந்தா செய்யட்டும். மரப்போ பலக்குறைவோ இருந்தா யாரும் முறுக்கவோ வெடுக்குன்னு இழுக்கவோ கூடாது. 41 நாள் படுக்கை வேண்டாம்.

ஜனவரி 17, காலை

பயிற்சி என்னன்னு கேட்டவங்களுக்கு.

நியூசிலாந்துல ராபின் மெக்கென்சின்னு ஒரு பிசியோதெரபிஸ்ட். 1956ல கால்வலியோட வந்த ஒருத்தர குப்புறப் படுக்கச் சொல்லிட்டு அந்தப்பக்கம் போனார். கட்டிலோட தலைமாடு தூக்கி வச்சிருந்தத அவர் கவனிக்கல. ஆளு இடுப்பு பின்னால வளைஞ்சு கிடக்கார். திரும்பி வந்து பாத்தா வாரக்கணக்கா இருந்த கால்வலி போயிருக்கு. அதுல இருந்துதான் அவருக்க முறையே பிறந்துது.

குப்புறப் படு. முதல்ல சும்மா. பொறவு முழங்கைய ஊணி நெஞ்சைத் தூக்கு. அதுவும் ஒத்துக்கிட்டா கைய நிமித்து, இடுப்பு தரையில ஒட்டியே இருக்கட்டும். கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறி, தொடையில இருந்து இடுப்புக்கு வந்தா அது நல்ல அடையாளம், இடுப்புல கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல. வலி கீழ பாதத்தைப் பாத்து இறங்கினா அந்தப் பயிற்சி உனக்கில்ல, நிறுத்து. எல்லாருக்கும் பின்னால வளையறது ஒத்துவராது. வயசானவங்களுக்கு நரம்பு போற பாதையே சுருங்கியிருந்தா குனிஞ்சாத்தான் சுகம், நிமிர்ந்து நடந்தா கால் இழுக்கும். அதனால ஒருதடவையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால செய்து காட்டணும்.

வலி அடங்கினதுக்குப் பொறவு மூணு பயிற்சி. கனடாவுல ஸ்டுவர்ட் மெக்கில் பரவலாக்கினது. மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழ கைய வச்சு தலைய லேசா தூக்கறது. ஒருக்களிச்சு முழங்கையும் முட்டும் ஊணி இடுப்பத் தூக்கறது. நாலு கால்ல நின்னு எதிர் கையையும் காலையும் நீட்டறது. எதுவும் பத்து விநாடிக்கு மேல பிடிக்க வேண்டாம்.

ஜனவரி 17, மதியம்

கீழ்க்குளத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலையில) தோல் உரிக்கிற வேலை, நாள் முழுக்க உக்காந்து. "குனியற உங்களுக்கு இவ்வளவு எழுதுறீங்க, குந்தியே இருக்கிற எங்களுக்கு?"

எனக்க பெஞ்சாதியும் கல்யாணத்துக்கு முன்ன அண்டி ஆபீஸ்தான் அக்கா. அவ சொல்றத அப்படியே எழுதுறேன். எழும்பினா எடை குறையும், எடை குறைஞ்சா கூலி குறையும், அதனால மூத்திரம் வந்தாலும் அடக்கிட்டு இருப்பாங்க. உக்காரற விதத்தைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் கிலோ கணக்குக் கூலி மாறாம அது பாதிதான் நடக்கும். முடிஞ்சது இது: வெறுந்தரைய விட்டுட்டு ஒரு சாண் உயரப் பலகை. இடுப்பு முழங்காலவிட மேல நிக்கணும். முதுகு சுவரோட சேரணும். பருப்புத் தட்டை மடிக்குப் பக்கத்துல இழுத்துக்கணும். ஒரு தட்டு முடிஞ்சு அடுத்தத எடுக்க எழும்பித்தான் போகணும், பக்கத்துல உள்ளவ எடுத்துத் தரக்கூடாது. ஒருத்திக்கொருத்தி உதவின்னு நினைச்சு எழும்பவே விடாம செய்றதுதான் நடக்குது.

ஜனவரி 18

குளச்சல்ல இருந்து கேட்ட இன்னொரு தம்பிக்கு, வள்ளம் அலை மேல விழும்போது நடுவுக்கு வர்ற அடி பத்தி: அந்த நேரம் பலகையில குந்தியிருக்காத, பிடிச்சுக்கிட்டு முழங்கால லேசா மடக்கி நில்லு. அடிய கால் வாங்கிக்கும். கரைக்கு வந்த உடனே எஞ்சினைத் தனியாத் தூக்காத. இதுக்கு மேல எனக்குக் கடல் தெரியாது, முட்டம் பக்கத்து ஆளுங்க எழுதுங்க.

ஜனவரி 20

நான் "குனியாதீங்க"ன்னு எழுதினதை சிலர் இனி எப்பவும் குனியக்கூடாதுன்னு எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் பேரப்பிள்ளையத் தூக்கறதையே விட்டுட்டாராம். அது வேண்டாம். முதுகு குனியறதுக்குத்தான் படைக்கப்பட்டிருக்கு. வலி கடுமையா இருக்கிற வாரங்கள்லயும், எழும்பின முதல் மணி நேரங்கள்லயும், பாரத்தோடயும் குனியறதைத்தான் சொன்னேன். வலி குறையக் குறைய குனியறதையும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பப் பழகணும். பயந்து விறைச்சு நிக்கிற முதுகு இன்னும் வலிக்கும். பேரனை உடம்போட சேத்து அணைச்சுத் தூக்குங்க.

ஜனவரி 23

மருந்து. வலிக்கு ஊசி போட்டுட்டு அன்னைக்கே வெட்டுக்கு இறங்குற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப உண்டு. டைக்ளோபினாக் மாதிரி மருந்து சில நாளைக்கு உதவும், ஆனா வயித்துப்புண், சிறுநீரகம், பிரஷர் உள்ளவங்க டாக்டர் சொல்லாம தொடக்கூடாது. வியர்த்து ஒழுகி தண்ணி குடிக்காம வேலை செய்றவனுக்கு அது சிறுநீரகத்துல இன்னும் கூடுதலா அடிக்கும். பாரசிட்டமால் புதுசா வந்த நடுவலிக்கு, மருந்தே இல்லாத சும்மா மாத்திரையவிட ஒண்ணும் கூடுதலா செய்யலன்னு ஆஸ்திரேலியாவுல 2014ல பாத்தாச்சு. பேரில்லாத பொடி கொடுத்து "உடனே கேக்கும்"னு சொன்னா வாங்காதீங்க. ஸ்டீராய்டு கலந்திருந்தா எலும்பே போயிரும்.

ஜனவரி 24

தங்கச்சி மகனுக்கு 26 வயசு, காலையில எழும்பினா ஒரு மணி நேரம் முதுகு விறைப்பு, நடந்தா சரியாகுது, ஓய்வெடுத்தா கூடுதுன்னு எழுதினவருக்கு: இது நான் சொல்ற டிஸ்க் வலி மாதிரி தெரியல. மூட்டுவாத டாக்டர்கிட்ட காட்டுங்க, எச்.எல்.ஏ.-பி27 ரத்தப் பரிசோதனை கேப்பாங்க. காலம் கடத்தினா முதுகெலும்பு ஒண்ணோடொண்ணு ஒட்டிப்போற நோயா இருக்கலாம். மாசக்கணக்கா வலியோட மாலைக் காய்ச்சலும் மெலிச்சலும் இருந்தா எலும்புக் காசநோய் இருக்கான்னு பாக்கணும்.

பிப்ரவரி 9

தம்பி எழுதிட்டான். அப்பாவுக்கு கெண்டைக்கால் வலி விட்டுது, இப்பம் தொடை வரைதான். கீழ் பட்டைய கடைசியில வெட்டுறார், முட்டு ஊணி. ரொம்ப சந்தோஷம் தம்பி. நீ கேட்ட அடுத்த கேள்வி: இலை உதிர்ந்து வெட்டு நிக்கப்போகுது, இந்த ஓய்வுல அப்பா என்ன செய்யணும்?

நடக்கணும். நடுவலி வந்து சரியான 701 பேர வச்சு ஆஸ்திரேலியாவுல ஒரு ஆய்வு, 2024ல வந்துது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி, மெல்ல மெல்லக் கூட்டி, வாரத்துல அஞ்சு நாள் அரைமணி நேரம்னு நடந்தவங்கள்ல பாதிப்பேருக்கு அடுத்த வலி வர 208 நாள் ஆச்சு. நடக்காதவங்களுக்கு 112. ஒரு காசு செலவில்ல.

வெட்டு இல்லாத மாசம் பாத்து கிழங்கு கிளைக்கவும் தேங்கா சுமக்கவும் போயிருவாங்க நம்ம ஆளுங்க. அதை இந்த வருஷம் விடச்சொல்லு. பீடி குடிப்பார்னா அதையும். புகை டிஸ்க்குக்குப் போற சின்ன ரத்தக்குழாயக் கெடுக்கும்.

பிப்ரவரி 10

ஒண்ணு விட்டுப்போச்சு. வெட்டு திரும்பத் தொடங்குறதுக்கு முன்ன அதே ஸ்கேன் தாளோட எலும்பு டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிரு. குதிகால் நடை, பெருவிரல் பலம் ரெண்டையும் அவர் பாக்கட்டும். வலி தொடையோட நின்னு, பலம் குறையலன்னா ஆபரேஷன் பேச்சை எடுக்க வேண்டியதில்ல. மாறா ஆறு வாரத்துக்கு மேல வலி குறையாம தூக்கம் கெட்டா, இல்ல பாதம் தளர்ந்தா, அப்பம் ஆபரேஷன் பத்தி பயமில்லாம பேசு. தொடங்கினா முதல் வாரம் முழு மரமும் வேண்டாம், பாதிய கூட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொல்லு.